ஆடி அமாவாசையும் பதினெட்டுக் குழிகளும்

இந்த ஆடியில ஒரு இரவெண்டாலும் மனிசி இல்லாமல் வெளியில தங்கிறது எண்டு நான் தீர்மானம் எடுத்தன். எடுத்தது குளியலறையில. கதவைப் பூட்டி, தண்ணிக் குழாயையும் திறந்து விட்டுத்தான் எடுத்தனான். என்ரை மனிசி நகுலேஸ்வரிக்கு நான் தீர்மானம் எடுக்கிற சத்தமும் கேக்கும்.

என்ரை பேர் சச்சிதானந்தன். லண்டன் சட்டனில வீடு, கவுன்சிலில வேலை, பார்க்கிங் பகுதி. தண்டம் கட்டமாட்டன் எண்டு சனம் எழுதி அனுப்பிற காரணங்களை வாசிச்சு, உண்மையோ பொய்யோ எண்டு தீர்ப்புச் சொல்லுறதுதான் என்ரை தொழில். நாய்க்கு வலிப்பு வந்தது, மாமியாருக்கு வயித்தால போனது, போர்டை மரம் மறைச்சது எண்டு வருசக்கணக்கா வாசிச்ச ஆள் நான். எந்தப் பொய் நிமிர்ந்து நிக்கும், எது முதல் கேள்வியிலயே படுத்திடும் எண்டு பார்த்த உடன சொல்லுவன். லண்டனில பொய்க்கு ஒரு பல்கலைக்கழகம் திறந்தால் என்னைத்தான் துணைவேந்தரா வைப்பினம். அப்பிடிப்பட்ட ஆளுக்கு ஒரு மனிசியை ஏமாத்திறது பெரிய வேலையோ? இப்பிடித்தான் நினைச்சன்.

எனக்குப் பிடிச்ச சனியன் கோல்ஃப். பிடிச்சு விட்டவன் புவனேந்திரன். சுவிசில கனகாலம் இருந்துபோட்டு இஞ்ச வந்து தோர்ண்டன் ஹீத்தில பெற்றோல் ஷெட் நடத்திறவன். என்னை அண்ணை எண்டு கூப்பிடுவான். அவனோட டொக்டர் பத்ரிநாராயணன். தமிழ்நாட்டுக்காரர், ஆஸ்பத்திரியில ஆக்களுக்கு மயக்க மருந்து குடுக்கிறவர். அவர் கதைச்சாலும் கொஞ்சம் மயக்கம் வரும், நல்ல மனிசன். நாங்கள் மூண்டு பேரும் சனிக்கிழமைகளில கோல்ஃப் தடியளைத் தூக்கிக்கொண்டு போவம். பின்னேரம் இடுப்பும் நாரியும் பிடிச்சு வருவம்.

போன வருசம் ஒரு சனிக்கிழமை நான் திரும்பி வரப் பிந்திப்போச்சு. அண்டைக்கு நகுலேஸ்வரியின்ரை தம்பிக்கு வீடு குடிபூரல். பால் காய்ச்சி, படம் எடுத்து, சாப்பாடும் முடிஞ்சு, கதிரையளை அடுக்கேக்கை நான் போய் நிண்டன். அடுத்த நாள் காலமை தேத்தண்ணியோட சட்டமும் வந்தது.

“இஞ்சாருங்கோ, கோல்ஃபுக்குப் போறது உங்கட விருப்பம். போட்டு பகலோட வாங்கோ. இரவு தங்கிறதெண்டால் நானும் வருவன்.”

“நீர் வந்து என்ன செய்யப்போறீர்?”

“விளையாடுவன்.”

நான் சிரிச்சன்.

“ஏன் சிரிக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. குளிர் காத்து, மணல், மைல்கணக்கில நடை. உமக்குச் சரிவராது.”

“சரிவருமோ வராதோ எண்டு என்ரை காலுக்கெல்லோ தெரியும்.”

நான் பேப்பரை விரிச்சு முகத்தை மூடினன்.

இதை வாசிக்கிற நீங்கள் என்னைப் பொல்லாதவன் எண்டு நினைக்கக்கூடாது. நகுலேஸ்வரி எண்டால் எனக்கு உயிர். ஃபார்மசியில நாள் முழுக்க நிண்டு, செவ்வாய்க்கிழமையில யோகாவுக்கும் போட்டு வந்தும், குசினியில சிரிச்ச முகத்தோட நிக்கிற மனிசி. ஒரே மகள் றொஷானியும் வேலைக்கெண்டு மன்செஸ்ரருக்குப் போனாப்பிறகு, வீட்டில கதைக்கிறதுக்கு எனக்கும் அவவை விட்டால் ஆள் இல்லை. ஆனால் கோல்ஃபில ஒரு சிக்கல் இருக்கு. அடி குறைய எண்டால்தான் வெற்றி, அதால ஏழு அடி அடிச்சுப்போட்டு அஞ்சு எண்டு சொல்லோணும். மரத்துக்குப் பின்னால போன பந்தைக் காலால கொஞ்சம் தள்ளோணும். அவ பக்கத்தில நிண்டால் எனக்குப் பொய் சொல்ல வாய் கொன்னை தட்டும். பிறகென்னண்டு விளையாடுறது?

ஆடி பிறக்க முதல் புவனேந்திரன் போன் எடுத்தான்.

“அண்ணை, கென்ட் கடற்கரையில ரெண்டு மைதானம் சரிவந்திட்டுது. ரெண்டும் பூட்டன் காலத்து மைதானம். செவ்வாய்க்கிழமை ஒண்டு, புதன்கிழமை காலமை மற்றது. இரவு அங்கயே தங்கிறம். மூண்டு பேருக்கு எழுதியாச்சு.”

“புதன்கிழமை எது?”

அவன் பேரைச் சொன்னான். எனக்குக் காலில இருந்து தலைமட்டும் புல்லரிச்சது.

கோல்ஃப் தெரியாத ஆக்களுக்கு ஒரு வார்த்தை. கடலுக்கும் தோட்டக் காணிக்கும் நடுவில, ஒண்டும் விளையாத மணல் மேடு கிடக்கும். மரம் இல்லை, நிழல் இல்லை, காத்து மட்டும்தான். இந்த விளையாட்டுப் பிறந்ததே அப்பிடியான காணியிலதான். லிங்ஸ் எண்டு சொல்லுவினம். அதுக்குள்ள நூறு வருசம் தாண்டின மைதானங்களுக்குள்ள சும்மா ஆக்களை விடமாட்டினம். ஹாண்டிகாப் எண்டு ஒரு நம்பர் காட்டோணும். நம்பர் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரன். என்ரை நம்பர் என்ரை வயசைவிடக் கொஞ்சம்தான் குறைவு. புவனேந்திரன் எப்பிடியோ கெஞ்சி என்னையும் சேர்த்திருந்தான். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் எனக்கு இனி அந்தப் புல்லை மிதிக்கிற பாக்கியம் இந்தப் பிறவியில இல்லை.

அப்ப ஒரு காரணம் வேணும். நான் என்ரை தொழில் அறிவை எடுத்து முன்னுக்கு வைச்சன். அலுவலகப் பயிற்சி எண்டால் அலுவலகத்துக்குப் போன் எடுப்பா. ஆரோ ஒருத்தற்றை செத்தவீடு எண்டால் வெள்ளைச் சீலை உடுத்திக்கொண்டு முதல் ஆளாக் காரில ஏறுவா. ஆஸ்பத்திரியில வருத்தக்காரரைப் பாக்கப் போறன் எண்டால் சோறு கட்டிக்கொண்டு வருவா. எல்லாத்தையும் தள்ளுபடி செய்துபோட்டு, குசினிச் சுவரில தொங்கின நாள்காட்டியைப் பாத்தன். அந்தப் புதன்கிழமை ஆடி அமாவாசை.

தகப்பன் இல்லாத ஆக்கள் கடலில முழுகி, செத்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிற நாள். என்ரை அப்பா போய்க் கனவருசம். ஒவ்வொரு முறையும் கோயிலுக்குப் பின்னால வாளித் தண்ணியில ஒப்பேத்திறனான். நகுலேஸ்வரியின்ரை அப்பாவோ ரொறன்ரோவில இருக்கிறார், எண்பத்தெட்டு வயசு, போனில கதைச்சால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சுவரில தட்டுவா. தகப்பன் உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அண்டைக்குக் கடலில ஒரு அலுவலும் இல்லை. சாட்சி சொல்லவும் வரேலாத ஒரு பொய். என்ரை சேவைக் காலத்தில இப்பிடி ஒரு முத்தான காரணம் என்ரை மேசைக்கு வந்ததேயில்லை.

அண்டைக்குப் பின்னேரம் குரலைத் தாழ்த்தித் துவங்கினன்.

“நகுலா, அப்பா நேற்றுக் கனவில வந்தவர்.”

“என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. நனைஞ்சுபோய் நிண்டவர். எனக்கென்னவோ இந்த முறை வாளித் தண்ணி சரிவராது போலக் கிடக்கு. கடலில இறங்கிச் செய்யோணும். கென்ட் பக்கம் நல்ல கடலாம். விடியக் காலமை இஞ்சையிருந்து போய்ச் சேர ஏலாது, அதால முதல்நாளே போய்த் தங்கோணும்.”

அவ வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நிக்கேல்லை.

“நல்ல விசயம். கட்டாயம் செய்யுங்கோ. ஆர் ஆர் போறியள்?”

“நானும் புவனேந்திரனும்.”

“புவனேந்திரனுக்கு அப்பா இருக்கிறாரெல்லோ, சுவிசில?”

“ஓம். அவன் கார் ஓட வாறான்.”

“டொக்டர் பத்ரிக்கும் அப்பா இருக்கிறார்.”

“அவர்… தண்ணி சரியான குளிர் நகுலா. இறங்கேக்கை ஒரு டொக்டர் கரையில நிக்கிறது நல்லதுதானே.”

“ஓம், ஓம். நெஞ்சு பிடிச்சால் பிறகென்ன செய்யிறது. ஆர் மந்திரம் சொல்லுறது?”

“யூடியூப்பில இருக்கு.”

கத்தி இப்ப நிண்டுது.

“பெத்த தகப்பனுக்கு யூடியூப்போ?”

“மனசுதானே முக்கியம்.”

அவ திரும்பவும் வெட்டத் துவங்கினா. “சரி, உங்கட விருப்பம்.” பத்ரியின்ரை பேரை நான் வாய் திறந்து சொல்லவேயில்லை எண்டது எனக்கு அப்ப மண்டையில ஓடேல்லை. வெற்றி மயக்கம். மயக்க மருந்து இல்லாமலே வந்த மயக்கம்.

செவ்வாய்க்கிழமை காலமை அவவே என்ரை பையை அடுக்கித் தந்தா. வேட்டி ரெண்டு, சால்வை, எள்ளு, தர்ப்பை, திருநீறு. வாசலில நிண்டு, “கவனம், ஆழத்துக்குப் போகாதேங்கோ” எண்டு சொன்னா. எனக்கே கண் கலங்கினது. தெரு முடக்கில புவனேந்திரன்ரை காருக்குள்ள ஏறினன். என்ரை கோல்ஃப் தடியள் முதல்நாளே அவன்ரை காருக்குப் பின்னால படுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மைதானத்தைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வானம், நடுவில புல்லு. காத்து எண்டால் சாதாரண காத்து இல்லை, தலைமயிரை வேர் பிடுங்கிற காத்து. என்ரை முதல் பந்து மேல ஏறி, கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சு, எனக்குப் பின்னால வந்து விழுந்தது.

“சச்சி, ஒரு தடவை அடிச்சு ரெண்டு தடவை யூஸ் பண்றீங்க” எண்டார் பத்ரி.

அங்கத்தைய மணற்குழியளைக் குழி எண்டு சொல்லக்கூடாது. கிணறு. ஒண்டுக்குள்ள இறங்கினன், வெளியில எனக்காகக் காத்திருந்த ஆக்களின்ரை குரல் மட்டும்தான் கேட்டது. பந்து வெளிய வர முதல் நான் வெளிய வந்திட்டன். ஆனால் பின்னேரம் பக்கம் ஒரு அடி அடிச்சன். என்ன செய்தன் எண்டு எனக்கே தெரியாது. பந்து காத்துக்குக் கீழால பறந்து, புல்லில ரெண்டு துள்ளுத் துள்ளி, கொடிக்குப் பக்கத்தில போய் இருந்தது. சொன்னால் சிரிப்பியள், எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு மற்ற மைதானத்தில இப்பிடி ஒரு அடி, ஒரே ஒரு அடி அடிச்சால் போதும், பேந்து தடியளைக் கொண்டுபோய்க் கடலில விட்டிடலாம் எண்டு நினைச்சன்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கடற்கரையில ஒரு மீன் கடைக்குப் போனம். என்ரை சாப்பாட்டுக் கோப்பையில ஒரு முழு மீன், மா தோய்ச்சுப் பொரிச்சது, கோப்பைக்கு வெளியிலயும் கொஞ்சம் கிடந்தது. முள்ளுக்கரண்டியைக் குத்தித் தூக்கிறன், போன் அடிக்குது. வீடியோ. எடுக்காட்டில் அதுக்கு வேறை காரணம் தேடோணும் எண்டு எடுத்தன்.

“சாப்பிட்டியளோ?”

“இன்னும் இல்லை.” இது உண்மை.

“மச்ச மாமிசம் தொடாதேங்கோ. நாளைக்கு விரதம்.”

“சீ, தொடுவனோ.”

“கையில என்ன?”

“முள்ளுக்கரண்டி.”

“முள்ளுக்கரண்டியில?”

“உருளைக்கிழங்கு.”

“உருளைக்கிழங்குக்கு வால் இருக்கோ?”

“இது புவனேந்திரன்ரை. சூடோ எண்டு பாக்கத் தந்தவன்.” நான் மீனைத் தூக்கிப் புவனேந்திரன்ரை கோப்பையில வைச்சன். அவன் நன்றி எண்டு சொல்லிப்போட்டு உடன கடிச்சான்.

“இஞ்சாருங்கோ, நான் கனக்க யோசிச்சுப் பாத்தன். மாமாவுக்கு யூடியூப்பைப் பாத்துச் செய்யிறது எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்லை. அவர் என்னை மகள் மாதிரி வைச்சிருந்த மனிசன். அதால வெம்பிளிக் குருக்களுக்குப் போன் எடுத்தன். கடலிலயோ, மெத்த நல்லது பிள்ளை எண்டு சொல்லி, நாளைக்கு வாறார்.”

நான் முள்ளுக்கரண்டியால வெறுங்கோப்பையைக் குத்தினன். மீன் இல்லை, மீன்தான் போயிட்டுதே.

“இஞ்சையோ? அவர் ஏன் அவ்வளவு தூரம் தனிய அலையோணும்?”

“தனிய இல்லை. கோச் பஸ்ஸில வாறார்.”

“கோச்சிலயோ? எத்தினை பேர்?”

“கோச் நிறைய. லண்டனில தகப்பன் இல்லாத சனம் கொஞ்சமோ? வட்ஸ்அப்பில போட்ட உடன இடம் முடிஞ்சுபோச்சு. உங்கட பேரைத்தான் போட்டிருக்கு, நீங்கள்தான் உபயகாரர்.”

உபயகாரர் எண்டால் என்னெண்டு எங்கட சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிரியையை நடத்துவிக்கிற ஆள். முதல் சங்கற்பமும் அவருக்கு, கடைசித் திருநீறும் அவருக்கு. நடுவில அவர் அசையக்கூடாது. அசைஞ்சால் அவரின்ரை குடும்பத்தைப் பற்றி அடுத்த அமாவாசை மட்டும் கதைப்பினம்.

“எத்தினை மணிக்கு?” எண்டன். குரல் எனக்கே கேக்கேல்லை.

“பத்து மணிக்கு அங்க நிப்பம்.”

மைதானத்தில எங்கட முறை பத்தரைக்கு.

அவ போனை வைச்சாப்பிறகு பத்ரி மெல்லக் கேட்டார், “அரை மணி நேரத்துல முடிச்சுட முடியாதா?” ஏலும் எண்டன். எனக்கு ஒரு ஆளுக்கு எண்டால் முடியும். காற்சட்டைக்கு மேல வேட்டியைக் கட்டிக்கொண்டு போறது, இறங்கிறது, முழுகிறது, ஓடுறது. அண்டு இரவு நித்திரையிலயும் ஓடினன்.

புதன்கிழமை காலமை மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவில போற ஒற்றையடிப் பாதையால கடற்கரைக்குப் போனன். பின்னுக்கு அந்தப் பச்சைப் புல்லு, முன்னுக்குச் சாம்பல் கடல். கோச் வந்து நிண்டது. கதவு திறந்தது. வேட்டியள் இறங்கினது, இறங்கினது, இறங்கிக்கொண்டேயிருந்தது. கடற்கரையில நாயோட வந்த வெள்ளைக்காரர் நாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாத்தினம். குருக்கள் ஒலிபெருக்கியோட இறங்கினார். கடைசியா நகுலேஸ்வரி. சீலை இல்லை, காற்சட்டையும் தொப்பியும் போட்டிருந்தா. நல்லா உலாத்துறதுக்கு ஏத்த உடுப்பு எண்டு நினைச்சன்.

குருக்களைத் தனிய இழுத்துக் கேட்டன், “ஐயா, உபயகாரருக்குக் கொஞ்சம் சுருக்கமாச் செய்து விட்டிடலாமோ?”

“அதெப்பிடித் தம்பி. உம்முடைய பேரிலதானே இவ்வளவு சனம் வந்திருக்கு. ஒவ்வொருத்தற்றை சங்கற்பமும் முடியுமட்டும் நீர் தண்ணியில நிக்கவேணும். ஒரு ஆளுக்கு மூண்டு தலைமுறைதான், கனநேரம் எடுக்காது.”

நான் கோச்சைப் பாத்தன். மூண்டால பெருக்கினன்.

அந்த நேரம் புவனேந்திரனும் பத்ரியும் பாதையால வந்திச்சினம். புவனேந்திரன் என்ரை முகத்தைப் பாக்காமல் கதைச்சான்.

“அண்ணை, ஆள் குறைஞ்சால் அந்த இடம் வீணாப்போகும்.”

“வீணாக்கக்கூடாது” எண்டு ஒரு குரல். நகுலேஸ்வரி. கோச்சுக்குக் கீழ சாமான் வைக்கிற அறையைச் சாரதி திறந்தான். அவ குனிஞ்சு ஒரு கோல்ஃப் பையை வெளிய இழுத்தா. புதுசு இல்லை. நல்லாப் பாவிச்ச பை. ஒரு கையுறையை எடுத்து இடக்கையில மாட்டினா. அப்பதான் பாத்தன், அவவின்ரை வலக்கை வெயிலில கறுத்திருக்கு, இடக்கை கொஞ்சம் வெளிறியிருக்கு. ஒரே மேசையில இருந்து சாப்பிடுறம், இவ்வளவு நாளும் நான் அந்தக் கையைப் பாக்கேல்லை.

“நகுலா, என்ன இது?”

“செவ்வாய்க்கிழமையில யோகா எண்டு போறனான் எல்லோ, அது இதுதான். டொக்டற்றை மிசிஸ் ரமாதான் பழக்கினவ.”

நான் பத்ரியைப் பாத்தன்.

“ஆமா சச்சி. இந்த ட்ரிப் பத்தி நான் ரமாகிட்ட சொன்னேன். நீங்க வீட்ல சொல்லலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள்லாம் சொல்லிட்டுதான் வருவோம்.”

“உள்ள ஹாண்டிகாப் கேப்பினம் நகுலா. சும்மா விடமாட்டினம்.” இது என்ரை கடைசி ஆயுதம்.

“இருக்கு.”

“எத்தினை?”

சொன்னா. அந்த நம்பரை இஞ்ச எழுத எனக்கு விருப்பமில்லை. என்ரை நம்பரில அரைவாசி.

“நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ. எனக்கு அப்பா இருக்கிறார், நான் கடலுக்கை இறங்கக்கூடாது” எண்டுபோட்டு அவ பையைத் தோளில போட்டா. மூண்டு பேரும் மேட்டில ஏறிப் போச்சினம். என்னைக் குருக்கள் கையில பிடிச்சு இறக்கினார்.

தண்ணி முழங்காலுக்கு வந்தது. பேந்து நாரிக்கு வந்தது. ஆடி மாசம் எண்டு அந்தக் கடலுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பல்லு ஒண்டோட ஒண்டு அடிச்சதில மந்திரம் எனக்கு ரெண்டு தரம் வந்தது. ஒருத்தன் தன்ரை பாட்டன்ரை பேரை மறந்துபோய் அவுஸ்திரேலியாவுக்குப் போன் எடுத்துக் கேட்டான். இன்னொருத்தர் பேரோட பட்டத்தையும் சேர்த்துச் சொல்லோணும் எண்டு நிண்டார். நான் தண்ணிக்குள்ள நிண்டபடி மேட்டைப் பாத்தன். மூண்டு ஆக்கள் சின்னனாத் தெரிஞ்சினம். ஒரு தொப்பி முன்னுக்கு வந்து நிண்டது. தடி மேல போனது, கீழ வந்தது. பந்து தெரியேல்லை. ஆனால் மற்ற ரெண்டு பேரும் கை தட்டினது தெரிஞ்சது.

“தம்பி, கிழக்கைப் பாரும்” எண்டார் குருக்கள்.

பேந்து அப்பாவின்ரை பேரைச் சொல்லச் சொன்னார். சொன்னன். சொல்லேக்கை எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. வாளித் தண்ணியில சொன்ன பேர் இல்லை அது. அப்பாவும் கோயில் கூட்டம் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுக் கடதாசி விளையாடப் போற மனிசன். அம்மா ஒவ்வொரு முறையும் போய்ப் பிடிச்சு, சண்டை பிடிச்சு, கடைசியில தானும் பக்கத்தில இருந்து சீட்டுப் பாத்துச் சொல்லிக் குடுத்தவ. அந்த அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சன். கன்னத்தில வழிஞ்சது கடல் தண்ணி எண்டு பக்கத்தில நிண்டவைக்குச் சொன்னன், ஆனால் நான் அழுதனான். பொய் சொல்லி வந்த இடத்தில அப்பாவுக்கு ஒரு உண்மையான அமாவாசை கிடைச்சது. அதுக்கு நான் நகுலேஸ்வரிக்குத்தான் கடன்பட்டிருக்கிறன்.

எல்லாம் முடிஞ்சு சனம் கோச்சடியில சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க, நான் ஈர வேட்டியோட மேட்டில ஏறினன். கடைசி, பதினெட்டாவது குழியை எண்டாலும் விளையாடலாம் எண்டு ஒரு ஆசை. கழுத்தில ரை கட்டின ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மரியாதையா மறிச்சார். இந்த உடுப்போட புல்லில கால் வைக்கேலாதாம், பொதுப் பாதையில நிண்டு பாக்கலாமாம். நிண்டு பாத்தன்.

கடைசிக் குழிக்கு அவை வந்திச்சினம். நகுலேஸ்வரியின்ரை பந்து கொடியில இருந்து நல்ல தூரத்தில கிடந்தது. அவ குனிஞ்சு புல்லைப் பாத்தா, எழும்பினா, ஒரு தட்டுத் தட்டினா. பந்து வளைஞ்சு வந்து குழிக்குள்ள விழுந்தது. எனக்கு முதல் அந்தக் கிழவர் கை தட்டினார். எனக்குக் கோவம் வரும் எண்டு பாத்தன், வரேல்லை. என்ரை மனிசி எண்டு அந்தக் கிழவருக்குச் சொன்னன். பெருமையாக் கிடந்தது, அதுதான் ஆகப் பெரிய அவமானம்.

பிறகு அவ கடற்கரைக்கு இறங்கி வந்து என்ரை பக்கத்தில கல்லில இருந்தா. சப்பாத்தைக் கழட்டினா. கடுதாசியில சுத்தின ஒண்டை நீட்டினா.

“வெள்ளரிக்காய் சான்ட்விச். உள்ள தந்தவை. மரக்கறிதான், சாப்பிடுங்கோ.”

புவனேந்திரனும் பத்ரியும் கொஞ்சம் தள்ளி நிண்டு கடலைப் பாக்கிற மாதிரி நிண்டிச்சினம்.

“ஏன் நகுலா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“நீங்கள் சொன்னனீங்களோ?”

சான்ட்விச்சைக் கடிச்சன்.

“எனக்கு விளையாட்டுப் பெரிசில்லை” எண்டா அவ. “றொஷானியும் போட்டாள். சனிக்கிழமையில நீங்களும் போனால் அந்த வீட்டில நான் என்ன செய்யிறது? உங்களோட வரலாம் எண்டுதான் பழகத் துவங்கினனான். நல்லாப் பழகினாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ள மாமாவைக் கனவில நனைச்சுக் கொண்டுவந்தியள்.”

சான்ட்விச்சைக் கல்லில வைச்சன். இருபத்தாறு வருசம் ஒண்டா இருந்த மனிசி என்னோட நடக்கிறதுக்காகக் களவாப் போய் ஒரு விளையாட்டுப் பழகியிருக்கிறா. நான் அவவை விட்டிட்டு வாறதுக்காகப் பொய் தேடியிருக்கிறன். அவவின்ரை வெளிறின கையைப் பிடிச்சன்.

“நகுலா, இனி எங்க போனாலும் உம்மைக் கூட்டிக்கொண்டுதான் போவன். அப்பாவின்ரை கடலைச் சாட்சி வைச்சுச் சொல்லுறன்.”

அவ என்ரை ஈரக் கையை ரெண்டு தரம் தட்டினா. முகத்தில ஒரு சங்கடம் தெரிஞ்சது.

“புரட்டாசியில ஸ்கொட்லாந்துக்குப் போறம். கடற்கரையில மூண்டு மைதானம், மூண்டும் ஆகப் பழசு. நான், டொக்டர், புவனேந்திரன், ரமா. நாலு பேருக்குத்தான் இடமாம்.”

“அப்ப நான்?”

அவ திரும்பிப் புவனேந்திரனைப் பாத்தா. அவன் கீழ குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து வடிவா ஆராய்ஞ்சான்.

“உங்களையும் சேக்கச் சொல்லி நான் கேட்டனான். அவை கொஞ்சம் யோசிக்கினம். நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ, நான் ஒருக்கால் கதைச்சுப் பாக்கிறன்.”